அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெருவிலிருந்து ஒரு மடல்

ஜார்ஜ் டவுனில் உணவு உலாவும் மரபு நடையும் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அரண்மனைக்காரன் தெருவில், அந்தோனியார் கோயிலுக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். உங்களைப் போல ஒரு குழு வந்தது. பதினைந்து பேர் இருப்பார்கள். எல்லார் கழுத்திலும் அட்டை, கையில் தண்ணீர் பாட்டில். முன்னால் வந்த தம்பி தெருவைச் சுற்றிக் கையைக் காட்டி, “ஒரு காலத்தில் இங்கே அரண்மனை இருந்தது. அதில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த தெரு இது. அதனால்தான் இந்தப் பெயர்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். அப்புறம் தம்பி மணியைப் பார்த்தார், எல்லாரையும் அத்தோ என்ற பர்மாப் பண்டம் சாப்பிட ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை. அர்மேனியர்கள் இருந்தார்கள். அர்மேனியக்காரன் தெரு என்பது நம் ஆட்கள் வாயில் உருண்டு உருண்டு அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது, அவ்வளவுதான். தம்பி நின்ற இடத்திலிருந்து அர்மேனியர் கோயில் கூப்பிடு தூரம். ஆனால் கதவு சாத்தியிருந்தது. அது பெரும்பாலும் பிற்பகலிலேயே சாத்திவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வருகிறவர்களுக்கு அது ஒரு மதிற்சுவர் மட்டும்தான்.

நான் ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் மண்டியில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதியவன். வீடும் பக்கத்திலேயே, மண்ணடியில். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சரித்திரம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தத் தெருக்களில் தினமும் நாலு தடவை நடந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். தம்பியை அங்கேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். பதினைந்து பேர் முன்னால் ஒருவரைத் திருத்துவது அழகில்லை என்று விட்டுவிட்டேன். அவர் ஒருவர்தான் என்றால் பரவாயில்லை. ரெண்டு வருடமாக டீக்கடை வாசலில் நின்று உங்கள் எல்லாரையும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் குறை இதுதான். சாப்பாட்டு உலா நடத்துகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. கட்டட உலா நடத்துகிறவர்கள் சாப்பாட்டைப் பேசுவதில்லை. இந்தப் பேட்டையில் இரண்டையும் பிரித்தால் இரண்டுமே புரியாது. ஏனென்றால் இங்கே எல்லாமே வேறெங்கிருந்தோ வந்தது. சிலர் பிழைக்க வந்தார்கள், சிலர் துரத்தப்பட்டு வந்தார்கள். சாமியே இடம் மாறித்தான் வந்திருக்கிறது. யார் எங்கிருந்து எப்போது வந்தார்கள் என்று சொல்லாமல் தட்டை நீட்டினால் அது வெறும் நொறுக்குத் தீனி.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரத்தில் ஒரு கல்தூண் நிற்கிறதே, அங்கிருந்து ஆரம்பியுங்கள் என்பேன். உங்களில் பாதிப் பேர் அதன் பக்கத்தில்தான் ஆட்களைச் சேர்க்கிறீர்கள், ஆனால் அதைக் காட்டுவதில்லை. முதலில் ஊர் இருந்தது கோட்டைச் சுவரை ஒட்டி, இப்போது உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கம். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயர் கறுப்பர் பட்டணம். பிரெஞ்சுக்காரர்கள் 1758-59-ல் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த வீடுகள்தான் அவர்களுக்கு மறைவாக இருந்தன. முற்றுகை போனதும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் மிச்சமிருந்ததையும் இடித்து, பீரங்கிக்கு வெட்டவெளி விட்டார்கள். இந்த எல்லையைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் யாரும் வீடு கட்டக்கூடாது என்று 1773-ல் ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் மிச்சம் இது ஒன்று. நாம் இன்று ஜார்ஜ் டவுன் என்று சுற்றிக் காட்டுவது அப்படி வெளியேற்றப்பட்டவர்கள் போய்க் குடியேறிய முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும்தான். ஐந்தாம் ஜார்ஜ் பெயர் ரொம்பப் பிற்பாடு ஒட்டியது. அந்த ராஜாவுக்கும் இந்தத் தெருக்களுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

கல்லைப் பார்த்தவர்களுக்கு அப்புறம் பூக்கடை போலீஸ் ஸ்டேஷன் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவப் பெருமாள் கோயில் புரியும். அந்தக் கோயிலும் முதலில் இருந்தது உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான். 1757-ல் கோட்டைக்காக அதை இடித்தார்கள். மாற்று இடம் கொடுத்து, 1760-களில் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று இங்கே எழுப்பினார். பெருமாளும் மல்லீஸ்வரரும் பக்கத்துப் பக்கத்துக் கோயிலில் இருக்கிறார்கள். பழைய ஆட்கள் இன்னும் பட்டணம் கோயில் என்றுதான் சொல்வார்கள். புரட்டாசியில் திருப்பதிக் குடை புறப்படுவது இங்கிருந்துதான். குடை யானைக்கவுனியைத் தாண்டும் நேரம் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு எங்கள் மண்டியில் மதியத்தோடு கணக்குப் புத்தகத்தை மூடிவிடுவோம். மூடாவிட்டாலும் ஒரு வண்டி உள்ளே வர முடியாது. வெளியூரிலிருந்து வரும் உங்கள் விருந்தினர்களை அந்த ஒரு நாள் அழைத்து வந்து பாருங்கள். விளக்கமே தேவைப்படாது.

கண்ணாடி, படச்சட்டம் விற்கும் தெரு அது. ரெண்டு பக்கமும் கடையில் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடிகளில் கோபுரம் துண்டு துண்டாகத் தெரியும். ஒருவரும் அதைப் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

இப்போது அர்மேனியர்களுக்கு வருகிறேன். அவர்கள் கோயிலுக்கு 1712 என்று சொல்வார்கள். இன்று நிற்பது 1772-ல் கட்டியது. உள்ளே போனால் முதலில் உங்களை மௌனமாக்குவது தரை. நடக்கும் இடமெல்லாம் கல்லறைக் கல், நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. வெளியே லாரி ஹாரன் அடிப்பது உள்ளே கேட்கும், ஆனால் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருக்கும். அந்தக் கல்லறைகளில் ஒன்று ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்தில் அர்மேனிய மொழியில் வந்த முதல் பத்திரிகையை 1794-ல் அவர் அச்சடித்தது இந்த மதராசில். அர்மேனியாவில் இல்லை, இங்கே! பேப்பர் மண்டியில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதன்முதலில் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரிதான். அவ்வளவு பணம், அவ்வளவு செல்வாக்கு. இன்று கோயிலில் தவறாமல் பூசை வைக்கக்கூட ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ஆறு மணிகளையும் அடிப்பார்கள். வருகிறவர்கள் யாரும் இல்லாவிட்டாலும் அடிப்பார்கள்.

அதே தெருவில் இருக்கும் புனித மரியன்னை ஆலயத்தின் அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமை வரும் கூட்டத்தைப் பாருங்கள். பொட்டு வைத்தவர்கள், புர்கா போட்டவர்கள், எல்லாரும் ஒரே வரிசை. கச்சாலீஸ்வரர் கோயில் அதற்குக் கொஞ்சம் தள்ளி. ஒரே தெருவில் ஒருவர் கோயில் ஆளில்லாமல் இருக்கிறது, இன்னொருவர் கோயிலில் கால் வைக்க இடமில்லை. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இல்லாத அரண்மனையைச் சொல்லிவிட்டுப் போனால் கோபம் வருமா வராதா?

தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாள் கோயிலில் சிவாஜி வந்து கும்பிட்டார் என்று எல்லாருமே சொல்கிறீர்கள். 1677 அக்டோபர் 3 என்று தேதியோடு கோயிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் நம்புகிறவன்தான். ஆனாலும் அது கோயில் ஐதீகம். ஐதீகத்தை ஐதீகம் என்று சொன்னால் அம்பாளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பிராட்வே, ஏழுகிணறு, வால்டாக்ஸ் சாலை இதெல்லாம் போகிற போக்கில் சொல்லிவிடலாம். முதலாவது பள்ளத்தைத் தூர்த்து போபம் என்ற வக்கீல் உண்டாக்கிய தெரு. இரண்டாவது 1772-ல் கோட்டைக்குக் குடிதண்ணீர் போன இடம். மூன்றாவது ஊரைச் சுற்றிக் கட்டிய மதிலுக்கு வரி போட நினைத்து, கடைசிவரை வசூலிக்க முடியாமல் பெயர் மட்டும் மிஞ்சிய சாலை. வரி கட்டாமலே ஒரு சாலைக்கு வரியின் பெயரை வாங்கிக் கொடுத்த நம் முன்னோர்களை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு வரும்.

தங்கசாலைக்குத்தான், அதாவது மின்ட் ஸ்ட்ரீட்டுக்குத்தான், உங்களில் அதிகம் பேர் வருகிறீர்கள். மின்ட் ஸ்ட்ரீட் ஜிலேபி, காக்கடா ராம்பிரசாத் பாதாம் பால், சீனா பாய் கடையின் நெய் ஊத்தப்பம். நல்ல கடைகள், நானும் சாப்பிடுகிறவன். ஆனால் அங்கே நின்று, “இது குட்டி ராஜஸ்தான்” என்கிறீர்களே, அது பாதி உண்மை. சவுகார்பேட்டை என்றால் சாவுகாரர் பேட்டை, வட்டிக்கடையும் மொத்த வியாபாரமும் செய்த பணக்காரர்கள் இருந்த இடம். மார்வாடிகளும் குஜராத்திகளும் வந்தார்கள், சந்திரபிரபு ஜைனக் கோயில் கட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு முன்பே இதே தெருவில் கம்பெனித் துணியை வெளுக்கும் வண்ணார்கள் இருந்தார்கள். நாணயச்சாலை அதற்கு அப்புறம் வந்தது. இப்போது அந்த வளாகத்தில் அரசு அச்சகம். பக்கத்துத் தெருக்களில் தெலுங்கு பேசும் கோமுட்டிச் செட்டியார்கள். அவர்களுடைய கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்து இடம்தான் கொத்தவால் சாவடி. காய்கறி மார்க்கெட் 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. அது இருந்த காலத்தில் விடியற்காலை மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டைகோஸ் இலை மேல் வழுக்காமல் நடக்கத் தெரிந்தவன்தான் டவுன்காரன்.

இத்தனை பேரும் ஒரே தெருவில் இடித்துக்கொண்டு இருந்ததால் வந்த பண்டம் எது என்று கேட்டால் முறுக்கு சாண்ட்விச் என்பேன். ஒரு முறுக்கு, அதன் மேல் பச்சைச் சட்னி, வட்டமாக அரிந்த வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கொஞ்சம் மசாலாப் பொடி, சீஸ் துருவல், மேலே மூடியாக இன்னொரு முறுக்கு. முறுக்கு நம்முடையது. சட்னியும் சீஸும் பம்பாய்த் தெருவுக்குச் சொந்தம். கடித்தவுடன் உடைந்து சட்டையில் விழும், நாசூக்காகச் சாப்பிட வழியே இல்லை. இதை ராஜஸ்தானில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள். மயிலாப்பூரில் கேட்டாலும் சிரித்திருப்பார்கள், கொஞ்ச வருடம் முன்பு வரை. இது இங்கே மட்டும் பிறக்கக்கூடியது. அதைத் தின்னக் கொடுக்கும்போது அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தின்றுகொண்டே தலையைத் தூக்கச் சொல்லுங்கள். கீழே கடை போர்டும் எல்இடி விளக்கும் மறைத்திருக்கும். முதல் மாடியில்தான் தெரு இருக்கிறது. இரும்புப் பூவேலை போட்ட தாழ்வாரம், மரத்தூண், ரெண்டு கதவுக்கு மேலே நிறக் கண்ணாடி அரைவட்டம். யாராவது அனுமதி கொடுத்து உள்ளே விட்டால் கூரையைப் பாருங்கள். தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் கட்டையால் அடித்துக் கெட்டியாக்கி, கடைசியில் தட்டையான ஓடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். எங்கள் மண்டியும் அப்படித்தான். மே மாதத்தில்கூட உள்ளே பேப்பர் கட்டுகளின் மேல் கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். ஒரு மழைக்கு ஒரு சட்டம் உளுத்தது. அதே மாதிரி வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்காமல், முதலாளி கடைசியில் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். அந்தக் குழாய் இன்னும் அப்படியே நிற்கிறது.

நானும் பெரிதாகத் தலை தூக்கியவன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம் 1850-ல் கட்டியது, ஏதென்ஸில் உள்ள ஒரு கிரேக்கக் கோயிலின் சாயலில். முப்பது வருடம் அதன் அடியில் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன். அந்தப் பெரிய தூண்களை நான் முதன்முதலில் நின்று பார்த்தது ஓய்வு பெற்ற அடுத்த வாரம்.

அத்தோவைச் சொல்லாமல் விடமாட்டேன். அந்தத் தம்பி அதைப் “பர்மா நூடுல்ஸ்” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். கடைக்காரர் கையைப் பார்த்திருக்கிறீர்களா? அகலமான பாத்திரத்தில் மஞ்சள் நூடுல்ஸ் ஒரு பிடி. பொடிப்பொடியாக அரிந்த கோஸ், வெங்காயம். புளித்தண்ணீர் ஒரு கரண்டி, பூண்டு பொரித்த எண்ணெய் ஒரு கரண்டி, கடலைமாவு, வறுத்த மிளகாய்த்தூள், உப்பு. ஒரு தட்டையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிப் போடுவார். அப்புறம் கையாலேயே பிசைவார். கரண்டியால் கிளறினால் அது அத்தோ இல்லை, ஏனென்றால் பர்மா பேச்சில் அந்தப் பெயருக்கே கையால் பிசைந்த கலவை என்றுதான் பொருள். பக்கத்தில் வாழைத்தண்டு போட்ட சூடான சூப். அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயத்தையும் பூண்டையும் திணித்து, புளித்தண்ணீர் விட்டுக் கொடுப்பது தனி. முதல் வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வரும், மூன்றாவது வாய்க்கு அடுத்த தட்டு சொல்லத் தோன்றும்.

பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கினார்கள். தலைமுறையாக அங்கே கடை வைத்திருந்த தமிழர்கள் கட்டிய துணியோடு கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் இறங்கினார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-ல் வந்ததுதான் பர்மா பஜார். செகண்ட் லைன் பீச் தெருவில் அத்தோ விற்கும் இடத்துக்கும் அவர்கள் இறங்கிய துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். இறங்கிய இடத்திலேயே நின்று, விட்டுவிட்டு வந்த ஊரின் சாப்பாட்டை விற்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் சொல்வார்: “ரங்கூன்ல நாங்க இட்லி வித்தோம், இங்க வந்து அத்தோ விக்கிறோம். எங்க போனாலும் இன்னொரு ஊர்க்காரன்தான்.” இதைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுகிறவர் அதை நூடுல்ஸ் என்று சொல்லமாட்டார்.

கடைசியாக ரெண்டு மூன்று வேண்டுகோள். கோவிந்தப்ப நாயக்கன் தெரு, நைனியப்ப நாயக்கன் தெரு இதெல்லாம் வேலை நடக்கும் இடம். லோடுமேன் முதுகில் மூட்டையோடு வரும்போது அவரால் நிற்க முடியாது, நின்றால் மறுபடி கிளம்ப முடியாது. “சைடு, சைடு” என்று அவர் கத்துவது கோபத்தில் இல்லை. ஒரு தடவை படம் எடுக்க நடுத்தெருவில் மண்டியிட்ட ஒரு பையனுக்காக மீன்பாடி வண்டிக்காரர் ஒருவர் சட்டென்று பிரேக் பிடித்து, ரெண்டு கட்டு ஆர்ட் பேப்பர் சாக்கடையில் விழுந்தது. அந்த நஷ்டம் அவர் கூலியில் பிடித்தம் ஆனது. கணக்கு எழுதியவன் நான்தான். பையனுக்கு அது தெரிந்திருக்காது. வரிசையாகச் சுவர் ஓரமாக நடக்கச் சொல்லுங்கள். விளக்கம் சொல்வதைக் கந்தகோட்டத்துக்குள் போய்க் குளக்கரையில் வைத்துக்கொள்ளுங்கள். ராசப்ப செட்டி தெருவின் நாட்டுமருந்துக் கடைகளுக்கு நடுவே அந்த வாசலைக் கண்டுபிடிப்பதே ஒரு விளையாட்டு. சுக்கு, வசம்பு வாசனையில் நுழைந்து உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடும். வள்ளலார் சிறுபிள்ளையாக ஏழுகிணறு வீட்டிலிருந்து நடந்து வந்து பாடிய முருகன் சன்னிதி. உட்கார இடமும் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்காருவதானால் உள்ளே ஒரு குரல் கொடுத்துவிட்டு உட்காருங்கள். சாப்பிட்ட தட்டைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

பெரிய வேண்டுகோள் ஒன்று. ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் முடிக்காதீர்கள். இரண்டாகப் பிரியுங்கள். தங்கசாலைக்கும் அத்தோவுக்கும் வாரநாள் சாயங்காலம் சரி. கட்டடங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். ஷட்டர் எல்லாம் இறக்கியிருக்கும், வண்டி இருக்காது, நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். கூலி வேண்டாம், நானே கூட வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவேன்.

அந்த அரண்மனைத் தம்பி இதைப் படித்தால் அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒன்பதே காலுக்கு அந்தோனியார் கோயில் எதிர் டீக்கடையில் இருப்பேன். மேல்சட்டைப் பையில் ரெண்டு பேனா குத்தியிருக்கும், அதுதான் அடையாளம். டீ என் கணக்கு. குடித்து முடிப்பதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
மண்ணடியிலிருந்து ஒரு பழைய கணக்குப்பிள்ளை